வலப்பக்கம் இழுத்த படகு

என் கணவர் கடைசியாக என்னிடம் கேட்டது நகவெட்டி எங்கே என்று. ஜன்னலோர டப்பாவில் பாருங்கள் என்றேன். எடுத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து ஒரே ஒரு நகத்தை வெட்டினார். வலது கட்டைவிரல். வெட்டியதைத் தரையில் போடாதீர்கள், காலில் குத்தும் என்று உள்ளேயிருந்தே சொன்னேன். போடவில்லை என்றார். பிறகு செருப்பு மாட்டும் சத்தம், கேட்டின் கொக்கி விழும் சத்தம். மணி ஆறே முக்கால்.

எட்டரை மணிக்கு நீர்த்தேக்கத்தின் நடுவில் ஆளில்லாத ஒரு படகு தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

அவர் அங்கே அளவு பார்ப்பவர். தண்ணீருக்குள் நட்டிருக்கும் ஒன்பது கம்பங்களுக்கும் தினமும் படகில் போய், பாசியைத் துடைத்து, நீர்மட்டம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று எழுதிக்கொண்டு வரவேண்டும். இருபத்திரண்டு வருடமாக அந்த ஒரே வேலை. பழைய படகை ஒழித்துவிட்டுப் புதுப் படகு கொடுத்து அன்றைக்குப் பதினோரு நாள். பின்பக்கம் வெளியே தொங்கும் மோட்டாரும் புதிது. அலுவலகம் நேராகக் கொடுத்த வேலை என்று அதைப் பொருத்திக் கொடுத்தது என் தம்பியின் ஒர்க்‌ஷாப்.

ஸ்டியரிங் முதல் நாளிலிருந்தே சரியில்லை. வலது பக்கம் சொல்லாமலே திரும்பும், இடது பக்கம் திருப்ப இரண்டு கையும் வேண்டும் என்பார். தினமும் படுக்கும்போது இடது தோளைத் தேய்த்துவிடச் சொல்வார். புதுசு அப்படித்தான் இருக்கும், பழகப் பழகச் சரியாகும் என்று நான்தான் சமாதானம் சொன்னேன். படகைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? பள்ளிக்கூட நூலகத்தில் புத்தகத்துக்கு எண் ஒட்டுகிறவள் நான்.

அவர் போன பத்தாம் நாள் ஸ்டெனோவைப் பார்க்கப் போனேன்.

ஸ்டெனோ என்பது அந்த அம்மாளின் பெயரல்ல. முப்பது வருடம் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து எழுதியவர். பிறர் சொன்ன பொய்களையெல்லாம் வார்த்தை தவறாமல் எழுதி எழுதியே எது பொய் என்று கேட்ட மாத்திரத்தில் பிடிபட்டுவிட்டது என்பார்கள். ஓய்வுக்குப் பிறகு தையற்கடைக்கு மேலே ஓர் அறை எடுத்துத் துப்பறிகிறார். உதவிக்கு இருப்பவர் முன்னாள் பஸ் கண்டக்டர். ஐம்பது வயது, பெரிய தொப்பை, பேசாமல் இருக்கத் தெரியாத வாய்.

மாடிப்படி குறுகல். மேலே நின்றுகொண்டு, உள்ளே நிறைய இடம் இருக்கிறது, தள்ளி வாங்க என்று கண்டக்டர் என்னை வரவேற்றார். உள்ளே இரண்டு நாற்காலிதான் இருந்தது.

நான் சுற்றி வளைக்கவில்லை. என் கணவர் விபத்தில் சாகவில்லை, என் தம்பி கொன்றுவிட்டான் என்றேன். புகார் எழுதிக் கொடுத்தாயிற்று. நாளைக் காலை பத்து மணிக்கு அவனைக் கூட்டிப்போகப்போகிறார்கள். ஆனால் மோட்டாரில் அவன் ஏதோ செய்தான் என்பதற்கு உறுதியான ஓர் ஆதாரம் வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தார். அதைக் கண்டுபிடித்துத் தரவேண்டும்.

ஸ்டெனோ பென்சிலை எடுத்தார். தம்பிக்கும் எனக்கும் என்ன பகை என்று கேட்டார். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி மூன்று நாளும் அவன் வரவில்லை, ஏதோ படகை முடித்துக் கொடுக்கவேண்டும் என்று ஒர்க்‌ஷாப்பிலேயே இருந்துவிட்டான், அதிலிருந்து ஐந்து மாதமாகப் பேச்சுவார்த்தை கிடையாது என்றேன். அவன் என்ன சொன்னான் என்றார். கடைசியாக நான் சத்தம் போட்டபோது, 'என் அருமை ஒரு நாள் தெரியும், அன்னிக்கு நீங்களே தேடி வருவீங்க' என்று சொல்லிவிட்டுப் போனான். அதையும் சொன்னேன்.

"எங்க பஸ்ல சீட்டுக்குத்தான் இப்படி அடிச்சுக்குவாங்க" என்றார் கண்டக்டர். "எறங்குனதும் யார் யாரோ."

ஸ்டெனோ அவரைப் பார்க்கவேயில்லை. என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"படகு எந்தப் பக்கமா சுத்துச்சு?"

எனக்குத் தெரியவில்லை. பத்து நாளில் ஒருவரும் என்னை அதைக் கேட்கவில்லை.

பார்த்தவர் பம்ப் ஹவுஸ்காரர். நீர்த்தேக்கத்தின் கரையிலேயே அவருடைய கட்டடம். உள்ளே ஐந்து பம்புகள் ஒன்றாக உறுமிக்கொண்டிருந்ததால் வெளியே சிமென்ட் படியில் உட்கார்ந்து பேசினோம். மேகம் கவிந்து தண்ணீர் ஈயத் தகடு மாதிரி அசையாமல் கிடந்தது. ஒன்பது கம்பங்களும் தெரிந்தன. அவரை எடுத்தது நான்காவதன் பக்கத்தில்; அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன்.

படகு வலப்பக்கமாகச் சுற்றியது என்றார் அவர். கடிகார முள் போகிற பக்கம். கயிறு வீசிப் பிடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்றாம்.

அது எப்போதும் வலது பக்கம் இழுக்கிற படகுதானே, இதில் என்ன அதிசயம் என்று கண்டக்டர் கேட்டார். பம்ப் ஹவுஸ்காரர் தலையை ஆட்டினார். முந்தின பத்து நாளும் அவர் கவனித்திருக்கிறார். என் கணவருக்கு ஒரு பழக்கம்: கம்பத்தில் பார்த்த அளவை மனதில் வைத்துக்கொண்டு, அடுத்த கம்பத்துக்கு வேகம் எடுத்த பிறகுதான் எழுதுவார். ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை நோட்டில். அப்போதெல்லாம் படகு கொஞ்சம் வலது பக்கம் ஒதுங்கும், அவ்வளவுதான்.

"அன்னிக்கு அப்படி இல்லம்மா" என்றார். "பம்பரம் மாதிரி ஒரே இடத்துல. யாரோ புடிச்சு முறுக்கி விட்டாப்ல."

ஆள் விழுந்தால் மோட்டாரை நிறுத்த ஒரு சிவப்புக் கயிறு உண்டே, அது என்ன ஆயிற்று என்று ஸ்டெனோ கேட்டார். அதை இடுப்பில் மாட்டிக்கொண்டு கம்பத்தைத் துடைக்க முடியாது, அந்தக் கயிறு ஒரு முழம்தான், எட்டிக் குனிந்தால் மோட்டார் நின்றுவிடும், அதனால் அளவு பார்க்கிறவர்கள் எல்லோரும் கரையிலேயே கழற்றிவிடுவார்கள் என்றார். பிறகு என்னைப் பார்த்துவிட்டு, சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் உள்ளங்கையைத் தேய்த்தார்.

"அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி சாயங்காலம் உங்க தம்பி வந்திருந்தாரு. படகு கட்டியிருந்த எடத்துல ரொம்ப நேரம் நின்னாரு. நான் பம்பப் பாக்க உள்ள போயிட்டு வந்தேன். ஆளக் காணோம்."

நான் தேடி வந்தது அதைத்தான். ஆனாலும் கிடைத்தபோது கையை நீட்டி வாங்க முடியவில்லை.

படகை முத்திரை வைத்துப் படகுக் கொட்டகையில் நிறுத்தியிருந்தார்கள். தகரக் கூரை, ஈரத் தரை, டீசல் வாடை. காவலுக்கு இருந்தவர் ஸ்டெனோவுக்கு நீதிமன்றத்தில் பழக்கமானவர். பார்க்கலாம், எதையும் மாற்றக்கூடாது என்று கதவைத் திறந்துவிட்டார். உள்ளே ஏற்கெனவே ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

என் தம்பி. ஸ்டெனோதான் வரச் சொல்லியிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை.

ஐந்து மாதத்தில் அவன் இளைத்திருந்தான். கையில் ஒரு ஸ்பேனர். அதை அப்போதுதான் கவனித்தவன் மாதிரி மெதுவாகப் பெஞ்சில் வைத்தான். அக்கா என்றான். நான் திரும்பிப் படகைப் பார்த்தேன்.

முதலில் ஸ்டெனோ படகிலிருந்த நோட்டை எடுத்து விரித்தார். அன்றைய தேதி. முதல் மூன்று வரிகள் அச்சடித்ததுபோல நேராக இருந்தன. நான்காவது வரியில் ஒன்று என்ற எண். அதற்குப் பிறகு எண்ணே இல்லை. அந்த ஒன்றின் அடியிலிருந்து ஒரு கோடு சரிந்து பக்கத்தின் விளிம்புவரை ஓடியிருந்தது.

"முதல் மூணும் படகை நிறுத்திட்டு எழுதினது" என்றார் ஸ்டெனோ. "அன்னிக்கு ரொம்ப மோசமா இழுக்குதுன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. நாலாவதுல பழக்கம் வந்துடுச்சு."

ஒரு கையை எடுத்திருக்கிறார். அவ்வளவுதான். கண்டக்டர் முதன்முறையாக ஒன்றும் சொல்லாமல் ஒரு காலி டிரம்மைக் கவிழ்த்து, அதன்மேல் தன் துண்டை விரித்து என்னை உட்காரவைத்தார்.

பிறகு தம்பி மோட்டாருக்குப் பின்னால் குனிந்தான். பார்த்த உடனே நிமிர்ந்தான். முகம் மாறிவிட்டது.

அவன் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். தண்ணீருக்குள் இருக்கும் விசிறி ஒரே திசையில் சுற்றுவதால் இந்த மாதிரி மோட்டார் படகை ஒரு பக்கம் இழுக்கும். அதைச் சரிக்கட்ட விசிறிக்கு மேலே உள்ளங்கையளவு ஒரு சின்னத் தகடு தொங்குகிறது, மீனின் வால் மாதிரி. அதன் போல்ட்டைத் தளர்த்தி வாலைக் கொஞ்சம் திருப்பி வைத்தால் ஸ்டியரிங் இரண்டு பக்கமும் சமமாகிவிடும். பத்து நிமிட வேலை. ஆனால் ஒரு விஷயம் எல்லோரையும் ஏமாற்றும். படகு வலது பக்கம் இழுத்தால் தகட்டின் வாலையும் வலது பக்கம்தான் திருப்பவேண்டும். தண்ணீர் அந்தத் தகட்டில் மோதி மோட்டாரை எதிர்ப்பக்கம் தள்ளும். தெரியாதவர்கள், வலது பக்கம் இழுக்கிறதே என்று இடது பக்கம் திருப்புவார்கள். இழுவை இரண்டு மடங்காகும்.

தகட்டின் வால் இடது பக்கம் முழுக்கத் திரும்பியிருந்தது.

"நான் நேரா வெச்சுதான் குடுத்தேன்" என்றான். "இது யாரோ திருப்பினது. வேலை தெரியாத ஆளு."

"இல்லன்னா வேலை தெரிஞ்ச ஆளு, தெரியாத மாதிரி செஞ்சது" என்றார் ஸ்டெனோ, குரலை உயர்த்தாமல்.

தம்பி அவரைப் பார்த்தான், பிறகு கதவைப் பார்த்தான். கண்டக்டர் போய்க் கதவில் சாய்ந்துகொண்டார். எனக்கு அவன்மேல் பயம் வந்தது. நான் தூக்கி வளர்த்த பையன்மேல் எனக்குப் பயம் வந்தது.

அன்றைக்கு இரண்டு நாள் முன்னால் மாலையில் இங்கே வந்தது ஏன் என்று ஸ்டெனோ கேட்டார். அவன் வரவில்லை என்று சொல்லவில்லை. வந்தேன், படகைத் தொடவில்லை என்றான். அதை யார் நம்புவார்கள் என்றார் ஸ்டெனோ.

ஸ்டெனோ டார்ச்சை வாங்கிக்கொண்டு அந்த ஈரத் தரையிலேயே முழங்காலிட்டார். வெகு நேரம் பார்த்தார். பிறகு கண்டக்டரைக் கூப்பிட்டு, உன் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்றார். தகட்டுக்கு மேலே, அது முன்பு நேராக இருந்த இடத்தில், ஒரு மஞ்சள் கோடு. தண்ணீரில் அழியாத மெழுகுப் பென்சிலால் போட்டது.

"பழைய இடம் எதுன்னு மறந்துடாம இருக்கப் போட்ட அடையாளம்" என்றார் ஸ்டெனோ. "சரியா வரலன்னா திருப்பி வெச்சுக்கலாம்னு. கொல்ல வந்தவன் இதப் போடுவானா?"

"கொலைகாரன் ரிட்டன் டிக்கெட் எடுக்கமாட்டான் மேடம்" என்றார் கண்டக்டர்.

கம்பங்களில் குறி போடுவதற்கு என் கணவரின் பையில் எப்போதும் மஞ்சள் மெழுகுப் பென்சில் இருக்கும். ஆனால் அது அலுவலக அலமாரியில் பெட்டி பெட்டியாகவும் கிடக்கிறது, மோட்டார் வேலை செய்கிறவர்களும் குறி போடத்தான் செய்வார்கள், இதை மட்டும் வைத்து நாளைக்கு இன்ஸ்பெக்டர் இவனை விடமாட்டார் என்று ஸ்டெனோவே சொன்னார். அவருக்கு யார் போட்டது என்று தெரியவேண்டியிருந்தது.

அவர் இன்னும் ஒன்றைக் காட்டினார். தகட்டின் போல்ட் வெளியே தெரியாது. ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடிக்குள் இருக்கிறது. இதை எப்படி எடுப்பாய் என்று தம்பியைக் கேட்டார். ஸ்க்ரூடிரைவர் முனையால் நெம்புவோம், நாங்கள் தொட்ட மூடியில் ஓரத்தில் ஒரு வெட்டு இருந்தே தீரும் என்றான். இந்த மூடியின் ஓரம் வழவழவென்றிருந்தது.

"அப்போ எதால எடுத்தாங்க?" என்று கேட்டுக்கொண்டே கண்டக்டர் காவல்காரரைப் பார்த்தார். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கண்டக்டர் கட்டைவிரல் நகத்தைக் கொடுத்து நெம்பினார். மூடி வந்துவிட்டது. நகமும் பாதி வந்துவிட்டது. விரலை வாயில் வைத்துக்கொண்டு, இந்த வேலைக்கு எனக்குத் தனியாகப் படி வேண்டும் மேடம் என்று முனகினார்.

யாரும் சிரிக்கவில்லை. நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். அந்தக் கொட்டகையில் இருந்த யாருக்கும், உலகத்தில் வேறு யாருக்கும், அந்தக் காலை வேளையின் அந்தச் சின்னச் சத்தம் தெரியாது. பேசாமல் எழுந்து வீட்டுக்குப் போயிருந்தால் மறுநாள் பத்து மணிக்கு அவனைக் கூட்டிப்போயிருப்பார்கள். நான் நினைத்தது நினைத்தபடி இருந்திருக்கும்.

"அன்னிக்குக் காலையில அவர் நகம் வெட்டினாரு" என்றேன்.

ஸ்டெனோ எழுந்திருக்கவில்லை. முழங்காலிட்டபடியே தலையை மட்டும் திருப்பினார்.

"எந்த விரல்?"

"வலது கட்டைவிரல். அது ஒண்ணு மட்டும்."

அதற்கு முந்தின நாள் அவர் வழக்கத்தைவிட முக்கால் மணி நேரம் தாமதமாக வந்ததும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஏன் என்று கேட்டதற்குப் படகில் கொஞ்சம் வேலை என்றார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஸ்டெனோ பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். ஒன்று மட்டும் இன்னும் இடிக்கிறது என்றார். ஒர்க்‌ஷாப் நடந்துபோகிற தூரம், ஆள் சொந்த மச்சான், வேலையோ பத்து நிமிடம். இவ்வளவு நிதானமான மனிதர், பழைய இடத்தைக் குறித்து வைக்கிற மனிதர், தெரியாத வேலையில் தானே ஏன் கைவைத்தார்?

"அதான் எனக்கும் புரியல" என்றான் தம்பி. "எனக்கு ஃபோன் பண்ணாரு. இந்த மாதிரி இழுக்குதுப்பான்னாரு. பின்னாடி ஒரு சின்னத் தகடு இருக்கு, அதத் திருப்பி வெக்கணும், ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துட்டு வாங்க மாமான்னேன். வரேன் வரேன்னாரு. வரல."

அவர் ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். அம்மா இறந்த வாரம், அவரை உட்காரவைத்து, என் தலையில் கைவைக்கச் சொல்லி நான் சத்தியம் வாங்கியிருந்தேன். தம்பியின் ஒர்க்‌ஷாப் படியை அவர் மிதிக்கக்கூடாது. அவனும் எங்கள் படகையோ எங்கள் வீட்டையோ தொடக்கூடாது. அவர் சிரித்துக்கொண்டேதான் கைவைத்தார். ஆனால் வைத்த கையை மறக்கிற ஆள் அல்ல.

அதைத் தம்பியின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். ஐந்து மாதத்தில் அவனிடம் நேராகப் பேசியது அதுதான் முதல் பேச்சு.

அவன் கோபப்படுவான் என்று நினைத்தேன். அவன் மோட்டாரின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

"எந்தப் பக்கம் திருப்பணும்னு ஃபோன்லயே சொல்லியிருக்கலாம்க்கா. ஒரு வார்த்தை. வேணும்னுதான் சொல்லல. அதச் சொல்லிட்டா மாமா வரமாட்டாரு. அவர் வந்தா, அப்புறம் நீயும் வருவேன்னு." பெஞ்சிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தான். "அன்னிக்கு சாயங்காலம் வந்தது அத நானே பண்ணிட்டுப் போயிடலாம்னுதான். ஸ்பேனர்கூட கொண்டு வந்தேன். அப்புறம், அவரே கூப்பிடட்டும்னு திரும்பிட்டேன்."

கண்டக்டர் கதவிலிருந்து விலகி நின்றார். யாரும் வெளியே போகவில்லை.

திரும்பி வரும் வழியில் ஸ்டெனோ என்னிடம் ஒன்று சொன்னார். புகாரைத் திரும்பப் பெற்றால் மட்டும் போதாது. உங்கள் கணவரே ஏன் செய்தார் என்று கேட்பார்கள். சத்தியத்தையும் எழுதவேண்டியிருக்கும். அலுவலகத்தில் படிப்பார்கள், ஊரில் பேசுவார்கள், எழுதியது எழுதியபடி நிற்கும். யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். நான் யோசிக்கவில்லை. யோசித்தால் எழுதமாட்டேன் என்று தெரியும்.

மறுநாள் ஒன்பதரைக்கே ஸ்டேஷனுக்குப் போய்விட்டேன். கண்டக்டர் கூட வந்தார். விரலில் கட்டு. உட்கார பெஞ்ச் இல்லை, வரிசை நீளமாக இருந்தது. என் வண்டியில் இத்தனை பேர் நின்றிருந்தால் நான் எப்போதோ விசில் ஊதியிருப்பேன் என்று காதோரம் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. என் கணவர் போன பிறகு முதல் சிரிப்பு அதுதான். உடனே வெட்கமாகவும் இருந்தது.

ரைட்டர் ஒரு தாளை நீட்டினார். நான்கு பக்கம் எழுதினேன். தகடு, மஞ்சள் கோடு, நகம், சத்தியம். ஒரு வரியைக்கூட அடிக்கவில்லை. பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது தம்பி வந்து வாசலில் நின்றான். உள்ளே வரச் சொன்னார்கள். என் பக்கத்தில் வந்து நின்றான். டீசல் வாடை அடித்தது. குளித்துவிட்டு வந்தாலும் அவன்மேல் அது போகாது.

ரைட்டர் படித்து முடித்துவிட்டு, முதல் பக்கத்தில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறதே என்று திருப்பிக் கொடுத்தார். புகார் கொடுத்தவருக்கும் எதிராளிக்கும் உள்ள உறவு. பத்து நாளைக்கு முன்னால் எழுதிய தாளையும் பக்கத்திலேயே வைத்திருந்தார். அதிலும் அதே கட்டம். அன்றைக்கு அவனை உள்ளே தள்ளவேண்டும் என்று எழுதியபோது அந்த இடத்தில் என்ன எழுதினேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. எட்டிப் பார்த்தேன்.

தம்பி என்று இருந்தது. அதையே எழுதினேன்.